675 கிராமில் ஒரு கயாக் துடுப்பு: மட்டக்களப்பு வாவிக்காக வீட்டில் செய்யக்கூடிய காபன் துடுப்பின் நிகழ்வு ஆய்வு

கயாக்கோடு சேர்த்துக் கொடுக்கப்படும் துடுப்பு பெரும்பாலும் அலுமினியத் தண்டும், தண்ணீரைத் தள்ளும் பிளாஸ்டிக் இலையும் கொண்டது. எடை 1,000 முதல் 1,200 கிராம் வரை இருக்கும். நிமிடத்துக்கு 60 வீச்சு என்று வைத்தால் ஒரு மணித்தியாலத்தில் 3,600 தடவை அந்த எடையைத் தூக்கி மறுபக்கம் போட வேண்டும். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் பின்னேரம் கல்லடிப் பக்கம் திரும்பி வருபவருக்குத் தோள் முதலில் நோவது இதனால்தான்.

இங்கே எடுத்துக்கொள்வது 220 செ.மீ. நீளமான, நடுவில் கழற்றக்கூடிய ஒரு துடுப்பு. கல்லடியில் ஒரு வீட்டு விறாந்தையில், தொழிற்சாலைச் சாமான்கள் எதுவும் இல்லாமல் செய்யக்கூடிய அளவில் இது திட்டமிடப்பட்டது. கணக்கின்படி எடை 675 கிராம். செய்து முடித்துத் தராசில் வைக்கும்போது 720-ஐத் தாண்டினால் துணியை ஒட்டி இறுகவைக்கும் பிசினான ரெசின் எங்கோ கூடிவிட்டது என்று அர்த்தம்.

60 செ.மீ. அளவு அகலமுள்ள கயாக்குக்கு 220 செ.மீ. போதும். 75 செ.மீ. அகலமான, மேலே உட்கார்ந்து போகும் வகைக்கு 230 அல்லது 240 வேண்டும். தண்டை நீட்டும் ஒவ்வொரு 10 செ.மீ.க்கும் ஏறத்தாழ 16 கிராம் கூடும், அவ்வளவுதான்.

எடை எங்கிருந்து வருகிறது

காபன் துணி வாங்கினால் துடுப்பு தானாக இலேசாகிவிடும் என்பது பரவலான நம்பிக்கை. எடையைக் கூட்டுவதும் குறைப்பதும் ரெசின்தான். மீன்பிடித் தோணி கட்டுகிற இடங்களில் கிடைக்கும் பைபர் மட் (நெய்யாத கண்ணாடி நார்ப் பாய்), தன் எடையைப் போல இரண்டு மடங்குக்கு மேல் ரெசினைக் குடிக்கும். 450 கிராம் மட் ஒரு படை போட்டால் சதுர மீற்றருக்கு 1,400 கிராம் வரும், தடிப்போ ஏறத்தாழ ஒரு மி.மீ. மட்டும். ஓர் இலையின் பரப்பு 620 சதுர செ.மீ. முறியாமல் நிற்க 4 மி.மீ. தடிப்பு வேண்டுமென்றால் நாலு படை, அதாவது ஓர் இலைக்கே 350 கிராம். இரண்டு இலையும் தண்டும் சேர்ந்தால் கடைத் துடுப்பின் எடைக்கே திரும்பிவிடுவோம்.

நெய்த துணி அப்படியல்ல. பிளாஸ்டிக் அட்டையால் நன்றாக இழுத்து வழித்தால் துணியின் எடைக்குச் சமமான ரெசினே போதும். நடுவில் இலேசான போம் வைத்து, அதன் இருபுறமும் மெல்லிய தோலாகத் துணி ஒட்டினால் 10 மி.மீ. தடிப்புள்ள இலை 150 கிராமுக்குள் முடியும். அதே காபன் துணியை ரெசினில் தோய்த்து எடுத்துப் போடுபவருக்கு, செலவு காபனுடையதாகவும் எடை மட்டினுடையதாகவும் வந்து நிற்கும்.

எடை எந்த இடத்தில் இருக்கிறது என்பதும் முக்கியம். துடுப்பின் நடுவிலிருந்து 85 செ.மீ. தூரத்தில் இலையில் இருக்கும் 100 கிராம், 20 செ.மீ. தூரத்தில் தண்டில் இருக்கும் 100 கிராமைவிட வீச்சைத் திருப்புவதற்கு 18 மடங்கு கடினம். தூரத்தின் வர்க்கத்தோடு கூடுகிற தடை இது. ஆகவே தண்டில் 30 கிராம் கூடினால் கவலைப்பட வேண்டாம். இலையின் நுனியில் 30 கிராம் கூடினால் அதைத் தேய்த்தே எடுக்க வேண்டும்.

சாமான்

200 கிராம் காபன் துணி ஒரு சதுர மீற்றர், 200 கிராம் நெய்த கண்ணாடித் துணி ஒரு சதுர மீற்றர், எப்பொக்சி ரெசினும் அதை இறுகச்செய்யும் ஹாட்னரும் சேர்ந்து ஒரு கிலோ. எப்பொக்சியில் 500 கிராம் அளவு செலவாகும், மிச்சம் கையிருப்பு. 28 மி.மீ. வெளிவிட்டத்துக்குக் கிட்டிய நேரான அலுமினியக் குழாய் ஒரு மீற்றர், திரைச்சீலைக்குப் போடும் 25 மி.மீ. குழாய் ஒரு துண்டு, இன்சுலேசன் டேப், தடித்த பொலித்தீன், போமைக்காத் துண்டு ஒன்று. போமைக்கா வளையும் அளவுக்கு மெல்லியதாக இருக்க வேண்டும்.

பொலியெஸ்டர் ரெசின் மலிவு, எங்கும் கிடைக்கும். ஆனாலும் இந்த வேலைக்கு எப்பொக்சிதான். பொலியெஸ்டரில் இருக்கும் ஸ்டைரீன் என்ற திரவம் ரெஜிபோமை (பொதி செய்யப் பாவிக்கும் இலேசான வெள்ளைப் போம்) தொட்டவுடன் கரைத்துவிடும், காபனோடும் எப்பொக்சியைப் போல இறுகப் பிடிக்காது. இதன் மறுபக்கமும் ஒன்று உண்டு. மட்டின் நார்களைச் சேர்த்து வைத்திருக்கும் பசை ஸ்டைரீனில் கரைவதற்காகவே போடப்பட்டது. எப்பொக்சியை ஊற்றினால் அந்தப் பசை கரையாது, மட் விறைத்து வெள்ளையாகவே நிற்கும். ஆகவே எப்பொக்சிக்கு மட் வேண்டாம், நெய்த துணி மட்டும்.

நடுவுக்கான போமுக்கு இந்தப் பக்கத்து ஆட்களுக்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. ஏ4 வீதியில் தெற்கே போனால் பொத்துவில், அதற்கடுத்து அறுகம்பே. சர்ப் பருவத்தில் அங்கே பலகைகள் முறிவது வழமை. முறிந்த பலகையின் உள்ளே இருக்கும் பொலியூரித்தேன் போம் கன மீற்றருக்கு 50 கிலோ அளவில் இருக்கும், இலைக்கு அளவான உறுதி. வாங்குமுன் வெட்டுவாயைப் பார்க்க வேண்டும். மஞ்சள் கடந்து மண்ணிறமான இடமும் ஈரம் பிடித்த இடமும் ஆகாது. வெள்ளைப் பகுதியை மட்டும் ஹெக்சோ அலகால் அறுத்து எடுக்கலாம். ரெஜிபோம் வெட்டும் சூட்டுக் கம்பியை இதில் வைக்கவே கூடாது, பொலியூரித்தேன் எரியும் புகை நஞ்சு. எந்தப் போம் என்று ஐயமிருந்தால் ஒரு துண்டில் பொலியெஸ்டர் ரெசின் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். குழி விழுந்தால் அது ரெஜிபோம் இனம். அதுவும் எப்பொக்சியோடு பாவிக்கலாம், ஆனால் அழுத்தத்துக்கு இலகுவில் நசியும்.

தண்டு

இரண்டு துண்டு, ஒவ்வொன்றும் 75 செ.மீ. அலுமினியக் குழாயில் மெழுகு பூசி, மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒரு சுற்று சுற்றி ஒட்டிக்கொள்ள வேண்டும். அதன்மேல் கண்ணாடித் துணி ஒரு சுற்று, காபன் மூன்று சுற்று, மறுபடி கண்ணாடித் துணி ஒரு சுற்று. ஒரு சுற்றுக்கு 9 செ.மீ. அளவு துணி போகும். ஆகவே காபன் துண்டை 27 செ.மீ. அகலத்தில், நெசவின் நூல் தண்டின் நீளத்துக்கு நேராக ஓடும்படி வெட்ட வேண்டும். கண்ணாடித் துணியை 45 பாகைச் சரிவில் வெட்டினால் முறுக்கைத் தாங்கும். சுவரின் தடிப்பு 1.1 மி.மீ. அளவில் வரும்.

துணியை மேசையில் பொலித்தீன்மேல் விரித்து, ரெசின் தடவி, வழித்து, பிறகே குழாயில் சுற்ற வேண்டும். இறுக்கிச் சுற்றுவதில்தான் வேலை இருக்கிறது. தளர்வாகச் சுற்றினால் மேலே டேப் இறுக்கும்போது மிஞ்சிய துணி ஒரு பக்கம் மடிந்து நீளப் புடைப்பாக நிற்கும். அந்த இடத்தில் நார் நேராக இல்லாததால் தண்டு அங்கேயே நெரியும்.

இன்சுலேசன் டேப்பை ஒட்டும் பக்கம் வெளியே இருக்கும்படி, பாதிக்குப் பாதி மேவி, ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு இழுத்துச் சுற்றுங்கள். பிறகு செ.மீ.க்கு ஒரு துளையாக ஊசியால் குத்தினால் மிகை ரெசின் முத்து முத்தாக வெளியே வரும். அடுத்த நாள் டேப்பை உரித்தால் சுருள் வரிகள் தெரியும். அவற்றைத் தேய்த்து மட்டமாக்கும்போது வெளிக் கண்ணாடிப் படைதான் தேய வேண்டும். சாண்ட் பேப்பரில் கறுப்புத் தூள் வந்தால் உடனே நிறுத்துங்கள், காபன் நூல் அறுபடத் தொடங்கிவிட்டது.

குழாய் கழராமல் நின்றால் பனிக்கட்டித் தண்ணீரை உள்ளே ஊற்றலாம். அலுமினியம் காபனைவிட அதிகம் சுருங்கும். மயிரிழை இடைவெளிதான் வரும், ஆனாலும் முறுக்கி இழுக்க அது போதும்.

நடுப் பொருத்துக்கு 25 மி.மீ. குழாய்மேல் இதே முறையில் 20 செ.மீ. துண்டு ஒன்று, கொஞ்சம் தடிப்பாகச் செய்து, தண்டுக்குள் வழுக்கிப் போகும்வரை தேய்க்க வேண்டும். 10 செ.மீ. ஒரு பாதியில் நிரந்தரமாக ஒட்டும், மற்ற 10 செ.மீ. கழரும் பக்கம். பூட்டுவதற்கு ஸ்பிரிங் பொத்தான் ஒன்றும், இரண்டு இலைக்கும் இடையிலான திருப்பத்தை மாற்ற 0, 30, 60 பாகைகளில் மூன்று துளையும். எதிர்க்காற்றில் 60 பாகை உதவும், பக்கக் காற்றில் 0 நல்லது. காபனும் அலுமினியமும் உப்புத் தண்ணீரில் நேரடியாகத் தொட்டால் அலுமினியம் அரித்துப் போகும். ஆகவே அலுமினியக் குழாயையே பொருத்தாக வைத்துவிடும் குறுக்குவழி இங்கே ஆகாது. துளையின் விளிம்பில் எப்பொக்சி தடவி மூடுவதும் இதற்காகவே. இரண்டு பாதியிலும் பொருத்துக்கு அப்பால் போம் அடைப்பு ஒன்று ஒட்டிவிட்டால் தண்டுக்குள் தண்ணீர் போகாது, கை தவறினாலும் துடுப்பு மிதக்கும்.

இலை

48 செ.மீ. நீளத்துக்கு, நடுவில் 30 மி.மீ. உயர்ந்து இரு முனையும் தாழும் வளைவில் மரத்துண்டுகள் வெட்டி, அவற்றின்மேல் போமைக்காவை வளைத்து ஆணியடித்தால் அச்சு தயார். மெழுகு பூசிய போமைக்காவில் முதலில் கண்ணாடித் துணி, அடுத்து காபன், அதன்மேல் 10 மி.மீ. போம். தண்ணீரை இழுக்கும் குழிவான முகம் இந்தப் பக்கம் வரும், பளபளப்பாகவே வரும். மறுநாள் இலையை அச்சில் வைத்தபடியே போமை ஓரம் நோக்கி 4 மி.மீ. வரை சரிவாகத் தேய்த்து, தண்டுக்கு 13 செ.மீ. காடி (நீளப் பள்ளம்) வெட்ட வேண்டும். தண்டின் முனை அந்த 13 செ.மீ.க்கும் சரிவாக அறுக்கப்பட்டு, காடியில் எப்பொக்சிக் கூழில் (தூள் கலந்து தடிப்பாக்கிய எப்பொக்சி) உட்காரும். ஓரம் சுற்றிலும் 4 மி.மீ. அகலத்துக்குப் போமைச் சுரண்டி அதே கூழை நிரப்புங்கள். வாவி ஆழம் குறைந்தது, இலையின் நுனி அடிக்கடி தரையைத் தொடும். முகத்துவாரப் பக்கம் கல்லிலும் படும். வெறும் போம் ஓரம் அங்கே ஒரு நாளும் நிற்காது. இந்த ஓரத்துக்கு இலைக்கு 22 கிராம் போகிறது. நுனியில் எடை கூடாது என்று மேலே சொன்னதற்கு மாறாக இது ஒன்றைத்தான் விரும்பி ஏற்கிறோம்.

மூன்றாம் நாள் பின்பக்கத் தோல்: காபன், அதன்மேல் கண்ணாடி, தண்டின் மேட்டையும் மூடியபடி.

அழுத்தத்துக்குப் பழைய பிரிட்ஜ் கம்பிரசர் ஒன்றை உறிஞ்சும் பக்கம் மாற்றிப் பொருத்தினால் பொலித்தீன் பைக்குள் வெற்றிடம் கிடைக்கும். அரை வளிமண்டலம் போதும். அதற்கே 620 சதுர செ.மீ. இலைமேல் 300 கிலோவுக்கு மேற்பட்ட அழுத்தம் விழும். முழு வெற்றிடம் போட்டால் போம் நசியக்கூடும். கம்பிரசர் இல்லாதவர் காய்ந்த கடற்கரை மணலைப் பையில் கட்டி வைக்கலாம், இலை ஒட்டும். ஆனால் 20 கிலோ மணல் கொடுப்பது வெற்றிடத்தின் பதினைந்தில் ஒரு பங்கு மட்டுமே. மிகை ரெசின் உள்ளேயே நின்று, இலைக்கு 30, 40 கிராம் கூடலாம்.

தராசும் நேரமும்

ஒரு முகத்துக்குத் தேவையான கலவை 45 கிராம் அளவு. அதில் போமின் கண்களை அடைக்க 10 கிராம். விகிதம் எடைப்படி 100-க்கு 30 என்ற ரெசினில், இந்த 45 கிராமுக்குள் ஹாட்னர் 10.4 கிராம். சமையல் தராசு ஒரு கிராம் பிழைத்தால் ஹாட்னர் பத்தில் ஒரு பங்கு பிழைத்துவிடும். பிறகு எத்தனை நாள் காத்திருந்தாலும் இலை ரப்பர்போலவே இருக்கும். நகைக்கடைக்காரர் வைத்திருப்பது போன்ற 0.1 கிராம் காட்டும் சிறிய தராசு இந்த வேலையின் மிக முக்கியமான கருவி. விகிதத்தைப் புட்டியில் உள்ள சீட்டில் பார்த்தே எடுங்கள். அளவுப்படியா எடைப்படியா என்பதையும் பாருங்கள், இரண்டும் ஒன்றல்ல. சீக்கிரம் இறுகட்டும் என்று ஹாட்னரைக் கூட்டுவது பொலியெஸ்டர் பழக்கம். எப்பொக்சியில் கூட்டினாலும் குறைத்தாலும் பலவீனம்தான்.

சூடு இங்கே பெரிய எதிரி. ஏறத்தாழ 10 பாகை செல்சியஸ் ஏறினால் எப்பொக்சி கையில் நிற்கும் நேரம் பாதியாகும். சீட்டில் 25 பாகைக்கு 30 நிமிடம் என்றால், மே முதல் ஓகஸ்ட் வரையான மத்தியானத்தில் 15 நிமிடம்கூட இராது. கோப்பையில் குவிந்து நின்றால் தன் சூட்டிலேயே புகைந்து கட்டியாகும். கலந்தவுடன் அகலமான தட்டில் ஊற்றிப் பரப்பிவிட வேண்டும்.

குளிர்ச்சிக்காகக் காலையில் வேலை செய்வதுதான் பலருக்கும் தோன்றும். இந்த வேலைக்கு அது சரிவராது. வெயில் ஏற ஏறப் போமின் கண்களுக்குள் இருக்கும் காற்று விரிந்து, இன்னும் இறுகாத ரெசினைத் துளைத்து வெளியே வரும். மறுநாள் தோல் முழுக்க ஊசித்துளை. பின்னேரம் நாலரை, ஐந்து மணிக்குத் தொடங்கினால் வெப்பம் இறங்கும்போது போம் ரெசினை உள்ளே இழுத்துக்கொள்ளும். புழுதியும் அடங்கியிருக்கும். இரவு ஈரப்பதத்தில் எப்பொக்சியின் மேல் மெழுகுபோல ஒரு வழுவழுப்புப் படியலாம். அதைச் சாண்ட் பேப்பரால் தேய்த்தால் உள்ளே பரவும். முதலில் நல்ல தண்ணீரும் நார்த் தேய்ப்பானும் கொண்டு கழுவி, காய்ந்த பிறகே தேய்க்க வேண்டும். மேலே நைலோன் அல்லது பொலியெஸ்டர் லைனிங் துணி ஒரு படை போட்டு, இறுகியதும் உரித்தால் இந்த வேலையே இல்லை. துணி உரிகிறதா என்று ஒரு துண்டில் முன்கூட்டியே சோதித்துக்கொள்ளுங்கள். ஐப்பசி முதல் தை வரையான மழைக்காலத்தில் இந்த வேலையைத் தொடாமல் இருப்பதே நல்லது.

நைட்ரைல் கையுறை, நீளக் கைச் சட்டை, தூசிக்கு முகமூடி ஆகியவற்றில் விட்டுக்கொடுக்க வேண்டாம். எப்பொக்சி ஒவ்வாமை ஒரு தடவை பிடித்தால் பிறகு விடாது.

கழுத்து

இலையும் தண்டும் சேரும் இடத்தில்தான் வீட்டில் செய்த துடுப்புகள் பெரும்பாலும் முறியும். தண்டு வளைந்து கொடுக்கும், இலை கொடுக்காது. இரண்டும் சந்திக்கும் கோட்டில் அழுத்தம் குவியும். பின்பக்கத் தோல், மேலே சுற்றும் படைகள், உள்ளே காடி எல்லாம் ஒரே கோட்டில் முடிந்தால் அந்தக் கோடு முறிவதற்காகவே வரைந்ததுபோல ஆகிவிடும்.

45 பாகையில் வெட்டிய கண்ணாடித் துணி மூன்று படை, 12, 9, 6 செ.மீ. நீளங்களில், ஒன்றின் முடிவு மற்றதன் முடிவோடு சேராமல் சுற்ற வேண்டும். சுற்றுமுன் தண்டுக்கும் இலைக்கும் இடையிலான மூலையை எப்பொக்சிக் கூழால் விரல் வளைவில் நிரப்புங்கள். கூர் மூலையில் துணி ஒட்டாமல் பாலம்போல நிற்கும், அதன் அடியில் தண்ணீர் சேரும். இதற்குத் துடுப்பு ஒன்றுக்கு 50 கிராம். இங்கே மிச்சம் பிடிக்கப் பார்க்காதீர்கள்.

கணக்கைப் பார்த்தால் காரணம் விளங்கும். வலித்து இழுக்கும் ஒருவர் இலையின் நடுவில் 15 கிலோ அளவு அழுத்தம் கொடுக்கிறார். கையிலிருந்து அது 55 செ.மீ. தூரம். இந்தத் தண்டில் அதனால் வரும் தகைப்பு 120 மெகாபஸ்கால் அளவு, பயமில்லை. சேற்றில் கயாக் ஏறி நிற்கும்போது துடுப்பைத் தரையில் ஊன்றி 40 கிலோ கொடுத்துத் தள்ளினால் 300-ஐத் தாண்டும். தொழிற்சாலை அழுத்த அடுப்பில் வேகாத, கையால் சுற்றிய காபன் குழாய்க்கு அது விளிம்பு. வாவியில் வள்ளம் தள்ளுவதற்குக் கோல் இருக்கிறது. கயாக்கில் இருந்து இறங்கித் தள்ளினால் துடுப்பு தப்பும்.

வெள்ளை நிறம்

சாதாரண வெப்பத்தில் இறுகிய எப்பொக்சி 50, 60 பாகையில் இளகத் தொடங்கும். கறுப்புக் காபன் இலை மத்தியான வெயிலில் மணலில் கிடந்தால் அந்தச் சூட்டை எட்டும், இலை முறுகும். அதனால் இலைக்கு வெள்ளைப் பூச்சு. தண்டுக்கு வாகனப் பெயின்ட் கடையில் கிடைக்கும் இரு கலவைக் கிளியர் (நிறமற்ற பூச்சு), இல்லையென்றால் வெயிலில் எப்பொக்சி மஞ்சளாகிப் பொடியும். பூசுமுன், இறுகி ஒரு நாள் கழித்து, மின்குமிழ் வைத்த பெட்டியில் மெதுவாகச் சூடேற்றி 60 பாகையில் ஆறு மணித்தியாலம் வைத்தால் தாங்கும் வெப்பம் உயரும். இலையை அச்சில் கட்டியபடியே வையுங்கள். 60-ஐத் தாண்ட வேண்டாம்.

எடைக் கணக்கு இப்படி வரும்: தண்டு 246, பொருத்தும் பொத்தானும் 45, இலை இரண்டும் 296, கழுத்து 50, பூச்சு 38 கிராம்.

தண்ணீருக்குக் கொண்டுபோகுமுன் ஒரு சோதனை. கை பிடிக்கும் இடத்தில் தண்டை மேசையோடு துணி வைத்து இறுக்கி, இலையின் நடுவில் வாளி கட்டி, 15 லீற்றர் தண்ணீர் மெதுவாக ஊற்ற வேண்டும். முனை ஏறத்தாழ 2 செ.மீ. தாழும். வாளியை எடுத்ததும் பழைய இடத்துக்கே வர வேண்டும். நாலு செ.மீ. தாழ்ந்தால் காபன் நூல் சரிந்து சுற்றப்பட்டிருக்கிறது. டிக் என்று சத்தம் கேட்டால் கழுத்தை விரல் நகத்தால் தட்டிப் பாருங்கள். ஒட்டாத இடம் மந்தமாக ஒலிக்கும். அந்த இடத்தை மட்டும் தேய்த்து, படை போட்டுச் சரிசெய்யலாம்.

ஒவ்வொரு தடவையும் பொருத்தைக் கழற்றி நல்ல தண்ணீரில் அலசி வையுங்கள். ஒரு மணல் பருக்கை போதும், இரண்டு பாதியும் பிரியாமல் இறுகிவிடும். எண்ணெய் பூசினால் மணல் இன்னும் சேரும், காய்ந்த மெழுகு நல்லது. ஓரத்தில் வெள்ளைப் பூச்சு பெயர்ந்து கறுப்பு நார் தெரிந்தால் அன்றே பாவனையை நிறுத்தி, உப்புப் போகக் கழுவி, இரண்டு நாள் நிழலில் காயவிட்டு, எப்பொக்சிக் கூழ் தடவி மூடுங்கள். ஈரத்தோடு மூடினால் உள்ளே போன தண்ணீர் அடுத்த வெயிலில் தோலைப் போமிலிருந்து தூக்கிவிடும்.